ஜன்னலோரக் கட்டில்

என் நாத்தனார் வேண்டிக்கொள்வதைக் கேட்டால், கடவுள் அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்று தோன்றும். கூரியர் ஆபீஸில் பார்சல் பிரிக்கும் பகுதிக்கு அவர்தான் மேற்பார்வை. முகவரி சரியில்லாத எதுவும் போய்ச் சேராது என்பது அவர் கண்ட உண்மை. அதனால் கடவுளுக்கும் தெரு, மாடி, அடையாளம் எல்லாம் சொல்லித்தான் வேண்டுவார். பலிக்கவும் செய்யும், அதுதான் வம்பு. வீட்டில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் மேனேஜர்; நேரில் நான் 'அண்ணி' என்று கூப்பிடுவேன்.

மூளையில் ரத்தம் கட்டி என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். உள்ளே யாரையும் விடவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் தலை முழுக்கக் கட்டும் வாயில் குழாயுமாக ஓர் உருவம் தெரிந்தது, அவ்வளவுதான்.

"கடவுளே, ரெண்டாவது மாடி, ஜன்னலோரக் கட்டில். என் தம்பி. கண்ணைத் திறக்கணும். வேற எங்கயும் பராக்குப் பாக்காத."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒழுங்காக வேண்டத் தெரியாதவள் நான். பெஞ்சில் உட்கார்ந்து, 'போயிடாதே, போயிடாதே' என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க அண்ணி."

"நீ போ. நான் நகர்ந்தா கடவுள் மறந்துடுவான்."

மறுநாள் மத்தியானம் நர்ஸ் கதவைத் திறந்து, "உங்க வீட்டுக்காரர் கண்ணு முழிச்சிட்டார், வாங்க" என்றார். நான் கதவுக்கு ஓடினேன். அண்ணியோ நிமிர்ந்து, வராண்டாவில் இருந்த அத்தனை பேரையும் ஒரு பார்வை பார்த்தார்.

"பாத்தீங்களா? கேக்கற விதத்துல கேட்டா குடுக்காம எங்க போவான்?"

"என் பொண்ணுக்கும் கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்றார் ஒரு பெரியவர்.

"வந்து சொல்றேன், இருங்க."

நர்ஸ் எங்களை ஜன்னலோரக் கட்டிலைத் தாண்டிக் கூட்டிப்போனார்.

"இதுதானே எங்க தம்பி கட்டில்?" என்றார் அண்ணி.

"அவரை நேத்து நீங்க வர்றதுக்கு முன்னாடியே உள் ரூமுக்கு மாத்தியாச்சே. யாரும் சொல்லலையா?"

உள் அறையில் என் கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். அவர் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அண்ணி தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

"அப்போ அங்க இருக்கறது யாரு?"

"ரோட்டுல அடிபட்டுக் கெடந்தவர். பேர் தெரியல, தேடி யாரும் வரல. டாக்டரே கைவிட்டுட்டார். இன்னிக்குக் காலையில அவரும் கண்ணைத் திறந்துட்டார். கண்ணாடி வழியா நீங்க கண்ணை மூடி வேண்டறதையேதான் பாத்துட்டிருந்தார். நீங்க அவருக்கும் சொந்தமோன்னு நாங்களும் நெனச்சுட்டோம்."

அண்ணியின் முகம் வெளுத்துப்போனது. "அப்போ என் தம்பிக்கு யாருடி கேட்டா?" என்று என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சந்தோஷத்தோடு பயமும் வந்தது. பெரிய ஒன்று எங்கள் இரண்டு பேர் பக்கத்திலும் நேற்றிலிருந்து சத்தமில்லாமல் நின்றிருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை என்று தோன்றியது. பெஞ்சில் நான் புலம்பியதைச் சொல்ல வாய் கூசியது.

அண்ணி ஜன்னலோரக் கட்டிலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அந்த மனிதர் அவரைக் கண்டதும் கண் கலங்கினார். வாயில் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. ஊசி குத்தியிருந்த கைகளைச் சிரமப்பட்டுத் தூக்கி அண்ணியைக் கும்பிட்டார்.

அண்ணி பதறிப்போய் அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"ஐயோ, என்னைக் கும்பிடாதீங்க" என்றார். "நான் உங்களுக்காகக் கேக்கவே இல்லைங்க."