வடமேற்கிலிருந்து வந்த காற்று

அன்று மாலை நாலே காலுக்கு நான் கடைக்கு ஃபோன் செய்தேன்.

"சொல்லு வானம்" என்றார் என் கணவர்.

நான் வானிலை நிலையத்தில் அளவெடுப்பவள். அதனால் கல்யாணமான முதல் மாதத்திலிருந்தே அவருக்கு நான் வானம்தான். அவருக்கு முடிதிருத்தும் கடை. எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. இரண்டு நாற்காலி, இரண்டு ஜன்னல், தெருவைப் பார்த்த ஒரு கண்ணாடிக் கதவு.

"ஜன்னல் ரெண்டையும் திறந்து வைங்க. கதவையும்தான். இன்னும் இருபது நிமிஷத்துல நல்ல குளிர்ந்த காத்து வரப்போகுது."

"உத்தரவா, ஊகமா?"

"உத்தரவு."

அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கடையில் இருந்தவர்களிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "ஐயாமாரே, மேலிடத்துல பேசியாச்சு. காத்து கிளம்பிருச்சாம். இருபது நிமிஷம் பொறுத்துக்குங்க." யாரோ கை தட்டினார்கள். "அப்படியே என் முடியையும் மேலிடத்துலயே வெட்டிவிடச் சொல்லுங்கண்ணே, ஒரு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன்" என்றது ஒரு குரல். சிரிப்பு. பிறகு ஜன்னல் கொண்டியை இழுக்கும் சத்தம். பெயிண்ட் இறுகிப்போன கொண்டி. ஒரே இழுப்பில் வராது. எனக்குக் கேட்கட்டும் என்று ஃபோனை அதன் பக்கத்தில் பிடித்திருக்கிறார்.

"கேட்டுச்சா? திறந்தாச்சு தாயே" என்றார்.

அவர் என்னிடம் மூச்சு வாங்காமல் பேசிய கடைசி வார்த்தைகள் அவை.

அவருக்கு இழுப்பு சின்ன வயதிலிருந்தே உண்டு. நான் அவர் வீட்டுக்கு வந்த பத்தொன்பது வருடங்களில் அந்த நெஞ்சை என் கருவிகளை அறிந்த அளவுக்கு அறிந்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். பனி இறங்கிய காலைகளில் இழுக்கும். குப்பை எரிக்கும் புகைக்கு இழுக்கும். காற்றே அசையாமல் வெக்கை அடைத்து நிற்கும் நாட்களில் மெல்ல மெல்ல இழுக்கும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைக் காலையில் பார்த்ததும் நான் அவருக்கு ஃபோன் செய்வேன். "இன்னைக்கு மப்ளர்." அல்லது, "இன்னைக்கு ரெண்டு தடவை பம்ப் அடிச்சிட்டுக் கடையைத் திறங்க." சீப்புகள் வைக்கும் இழுப்பறையில்தான் அவருடைய பம்ப் இருக்கும். டாக்டர் சொன்னதை மறந்தாலும் நான் சொன்னதை அவர் மறந்ததில்லை. "டாக்டர் நெஞ்சைத்தான் பார்க்கிறார், நீ காத்தையே பார்க்கிறே" என்பார்.

குளிர்ந்த மழைக்காற்று அவருக்கு எப்போதும் நல்லது செய்தது. ஒரு தடவைகூடக் கெடுதல் செய்ததில்லை. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

அந்த முறை பதினோரு நாட்கள் வெக்கை. அதற்கு முந்தைய மாதம் நல்ல மழை பெய்திருந்ததால் ஊரைச் சுற்றிலும் புல் இடுப்பளவு நின்றது. எங்கள் நிலையத்தில் கருவிகள் இருக்கும் வேலிக்குள் புல்லை ஒட்ட வெட்டி வைத்திருக்க வேண்டும். அது விதி. உயர்ந்த புல் தரையின் சூட்டை மாற்றிவிடும், அளவு பிசகும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆள் வந்து வெட்டிப் போவார். வேலிக்கு வெளியே இருக்கிற புல்லுக்கு விதி கிடையாது. அது கதிர் விட்டு, பூத்து, காய்ந்துகொண்டிருந்தது. அதற்குள் நடந்து வந்தால் கால்களில் மஞ்சள் மாவு ஒட்டும். அளவுக் கருவிகளைக் கட்டி பலூனை மேலே விடும் எங்கள் சகா அந்த வாரம் முழுக்கத் தும்மிக்கொண்டே இருந்தார். அவரை நாங்கள் பலூன்காரர் என்போம். "பலூனை விட நான்தான் முதல்ல மேல போவேன் போல இருக்கு" என்றார் ஒருநாள். நான் சிரித்தேன். மகரந்தத்துக்கு எங்களிடம் கருவி இல்லை. பதிவேட்டில் அதற்குப் பத்தியும் இல்லை.

நாலு நாற்பதுக்குக் காற்று வந்தது.

அதன் வருகையை நானும் பலூன்காரரும் வெளியே நின்று பார்த்தோம். வடமேற்கில் வானம் இரும்புச் சட்டியின் அடிப்பாகம்போலக் கறுத்திருந்தது. சின்னக் குருவிகள் தரையை உரசுகிற மாதிரி தாழ்ந்து பறந்தன. காய்ந்த புல் முழுவதும் ஒரே சமயத்தில் சாய்ந்தது. காற்றுத் திசைகாட்டி தெற்கிலிருந்து ஒரே சுற்றில் வடமேற்குக்குத் திரும்பியது. வெள்ளை மரப்பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தேன். முப்பத்தெட்டு புள்ளி ஆறில் இருந்தது, என் கண்முன்னே இறங்கியது. என் புடவைத் தலைப்பு பறந்து முகத்தில் அடித்தது. பதினோரு நாளுக்குப் பிறகு உடம்பில் வேர்வை உலர்ந்தது.

"ஐயோ, சொர்க்கம்" என்றார் பலூன்காரர், இரண்டு தும்மலுக்கு நடுவில். "இதையும் எழுதுங்கம்மா உங்க பதிவேட்டுல."

பதிவேட்டில் குறிப்பு என்று ஒரு பத்தி உண்டு. இடி, மின்னல், ஆலங்கட்டி, புழுதி. அவ்வளவுதான் அதில் எழுதுவோம். நமக்கு எப்படி இருந்தது என்பதை எழுதக் கூடாது. எழுதியதை அழிக்கவும் கூடாது. தவறாக இருந்தால் மட்டும் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அன்று நான் அளவுகளை எழுதிவிட்டு, கடை ஜன்னல்களுக்குள் இந்தக் காற்று நுழைவதை நினைத்துக்கொண்டே, குறிப்புப் பத்தியில் எழுதினேன்: குளிர்ந்த, இதமான காற்று.

பத்தொன்பது வருடத்தில் அந்தப் பத்தியில் நான் ஆசைப்பட்டு எழுதிய ஒரே சொல் அது.

புயல்மழை வரும்போது கால் மணிக்கொருமுறை அளவெடுக்க வேண்டும். ஐந்து ஐந்துக்கு, அடுத்த அளவுக்குப் பத்து நிமிடம் இருக்கையில், அவர் ஃபோன் செய்தார். மழை இன்னும் பெரிதாகத் தொடங்கவில்லை. காற்றுதான் அடித்துக்கொண்டிருந்தது.

"வா... னம்."

"என்னங்க? இழுக்குதா?"

"ம்."

"பம்ப் அடிச்சீங்களா?"

"ஆறு... தடவை."

எனக்குக் கோபம்தான் வந்தது. கடைக்குள்ளே பவுடரும் வெட்டிய முடியும் மூக்கில் ஏறியிருக்கும், வேலை மும்முரத்தில் மனிதர் கவனித்திருக்க மாட்டார் என்று தோன்றியது. "உள்ளே ஏன் உட்கார்ந்திருக்கீங்க? நாற்காலியை வாசல்ல போட்டு நல்லா காத்துல உட்காருங்க. ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும். நான் அஞ்சே காலுக்கு அளவெடுத்துட்டுக் கூப்பிடறேன்."

"சரி" என்றார்.

என்னிடம் ஒரு கிண்டலும் இல்லாமல் வெறுமனே சரி என்று அவர் சொன்னதே இல்லை. அது எனக்கு உறைத்தது மறுநாள்தான்.

ஐந்தே காலுக்கு அளவெடுத்தேன். கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தரைக்கும் அளவெடுத்தேன். அதன் பிறகு அவருடைய எண்ணிலிருந்தே வேறொருவர் பேசினார். "தங்கச்சி, நான் லாரி டிரைவர் பேசறேன், கடைக்கு வருவேனே. பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடும்மா. கையில இருக்கிற வேலையைப் போட்டுட்டு வா."

பலூன்காரர் என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். "நான் பார்த்துக்கறேன், நீங்க ஓடுங்க" என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னால் உள்ளே நுழைய முடியவில்லை. இடம் இல்லை. படிகளில், நடையில், சுவரோரத்தில் எங்கும் மனிதர்கள் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். விளையாட்டுச் சீருடையில் ஒரு பெண்பிள்ளை. "இவளுக்கு ஒருநாளும் இந்த மாதிரி வந்ததில்ல, ஒருநாளும் வந்ததில்ல" என்று அவள் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தனை பேர் இருந்தும் அங்கே கூச்சல் இல்லை. கத்துவதற்கு யாரிடமும் மூச்சு இல்லை.

லாரி டிரைவரை உடனே கண்டுகொண்டேன். அவருடைய முகத்தில் ஒரு பக்கம் வழவழவென்று சவரமாகியிருந்தது. மறுபக்கம் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. கழுத்தில் எங்கள் கடைத் துண்டு. என்னைப் பார்த்ததும் அந்தத் துண்டை எடுத்து மடித்தார். மடித்துக்கொண்டே இருந்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் கணவரை ஒரு கதவுக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றி குளிர்ந்திருந்தது. விரல்களில் சோப்பு வாசனை.

டிரைவர் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். என்னைப் புண்படுத்தவேண்டும் என்று அவர் எதையும் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

"ஒரு கன்னம் முடிச்சிட்டு மறுகன்னத்துக்கு வரும்போது இழுக்க ஆரம்பிச்சிருச்சும்மா. கத்தியைக் கீழ வச்சிட்டாரு. உன்கிட்டப் பேசினாரு. அப்புறம் நாற்காலியை வாசலுக்கு இழுத்தாரு. காத்து வர்ற பக்கமாப் பார்த்து உட்கார்ந்தாரு. நேரா எதிர்ல. உள்ளே வாங்கண்ணே, கதவைச் சாத்திடறேன்னேன். கேக்கலை. வீட்டம்மா சொல்லிடுச்சு, காத்துல உட்காரணும்னு கையைக் காட்டினாரு."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். உதடு நீலமாச்சு. தூக்கி லாரியில போட்டுக்கிட்டேன். ரோடு பூரா வண்டி நிக்குது, எல்லா வண்டியிலயும் இதே மாதிரி ஆளு. நடுவுல மணி என்னன்னு கேட்டாரு. அஞ்சே கால்னேன். உன்னைக் கூப்பிடறேன்னு ஃபோனை எடுத்தா கையைத் தட்டி விட்டாரு. அவளுக்கு இப்ப அளவெடுக்கிற நேரம், அப்படின்னாரு. அதுவும் முழுசா வரலை. நான்தான் புரிஞ்சுக்கிட்டேன். அப்புறம் அவர் மடியில ஃபோன் அடிச்சுது, அந்த நெரிசல்ல ஸ்டியரிங்கை விட்டு எடுக்க முடியலைம்மா."

அந்த நேரத்தில்தான் நான் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனைக் கடையில் விட்டுப் போயிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அது லாரியில், அவர் மடியில், அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

நான்கு நாள் கழித்து இறப்புக் காகிதங்கள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் எனக்கு விளக்கினார். இளம்பெண், தூங்கி நாளாகியிருந்த கண்கள். "மழைக்கு முன்னாடி வந்த அந்தக் காத்துதாம்மா. புல்லோட மகரந்தம் மேகத்துக்குள்ள ஏறி, ஈரத்துல ஊறி வெடிச்சிடும். முழுசா இருந்தா மூக்கோட நின்னு தும்மலோட போயிடும். தூளாயிட்டா நுரையீரலோட அடி வரைக்கும் போகும். அந்தத் தூளைக் குளிர்ந்த காத்து அப்படியே தரைக்கு இறக்கி ஊருக்குள்ள வீசிடுச்சு." பிறகு, நான் யார், என்ன வேலை செய்கிறேன் என்றெல்லாம் தெரியாமல், இயல்பாகச் சொன்னார்: "கதவு ஜன்னலைச் சாத்திட்டு உள்ளே இருந்தவங்களுக்குப் பெருசா ஒண்ணும் ஆகலை."

நான் தலையாட்டினேன். நன்றி என்றுகூடச் சொன்னேன்.

பதினேழாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். மழையில் வேலிக்கு வெளியே புல் படுத்து அழுகிக்கொண்டிருந்தது. பலூன்காரருக்குத் தும்மல் நின்றிருந்தது. என்னோடு வேலிவரை நடந்து வந்து, "இந்தப் புல்லையும் வெட்டச் சொல்லி மேல எழுதலாமாம்மா?" என்றார். ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. அந்தக் காற்று எத்தனையோ வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் கடந்து வந்தது என்பது என்னைவிட அவருக்குத் தெரியும். எழுதலாம் என்றேன்.

அந்த வாரம் சுகாதாரத் துறையிலிருந்து அன்றைய அளவுகளைக் கேட்டுக் கடிதம் வந்தது. ஊரில் அன்று ஒருவர் இருவரல்ல, பலர் இறந்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை நகலெடுத்து அனுப்ப வேண்டும். எங்கள் அதிகாரி பதிவேட்டைத் திறந்து என் மேசையில் வைத்தார். விரல் குறிப்புப் பத்தியில் இருந்தது.

"வெளியில போற காகிதம்மா. இந்தச் சொல் நம்ம பதிவேட்டுல வரவே கூடாது. உங்களுக்கும் பார்க்கக் கஷ்டமா இருக்கும். அடிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

சிவப்புப் பேனாவை வைத்துவிட்டுப் போனார்.

மூடியைக் கழற்றினேன். கோடு போடுவதற்கு முன் எப்போதும் செய்வதுபோல அளவுகளைச் சரிபார்த்தேன். தானியங்கிக் கருவியின் காகிதச் சுருளில் இருந்த கோடுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். வெப்பம் முப்பத்தெட்டு புள்ளி ஆறிலிருந்து இருபத்தேழு புள்ளி நாலுக்கு. சரி. திசை சரி. வேகம் சரி. கடைசியாக அந்த இரண்டு சொற்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்த நாலு நாற்பதை நினைத்துப் பார்த்தேன். புடவைத் தலைப்பு முகத்தில் அடித்ததை, வேர்வை உலர்ந்ததை, உள்ளங்காலிலிருந்து ஏறி வந்த நிம்மதியை. பொய்யென்று சொல்ல முடியுமா என்று தேடினேன். கடையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்த அவருக்கும் முதல் நிமிடத்தில் அப்படித்தானே இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பி, கத்தியைப் பிடித்த கையோடு, அப்பாடா என்றிருப்பார்.

தவறானதை மட்டும்தான் அடிக்கலாம். மூடியைப் பேனாவில் மாட்டினேன்.

பதிவேட்டில் அந்த வரி இப்போதும் அப்படியே இருக்கிறது. 16.40. வடமேற்கு. குளிர்ந்த, இதமான காற்று.