கோர்வைக்கு ரெண்டு பேர்

கைலாசத்துக்குத் தன்னைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம். காஞ்சிபுரத்துக்கு இன்டர்நெட்டைத் தலையில் சுமந்து வந்து இறக்கியதே தான்தான் என்று நினைப்பு. சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடச் சொல்லித்தரும் வாத்தியார் அவர். “வாரத்துக்கு ரெண்டு நாள் வகுப்பு, மிச்சப் பாடம் இன்டர்நெட்டில்” என்று 2009-இல் மேனேஜர் தேவசகாயத்தின் உயிரை வாங்கி ஒப்புக்கொள்ள வைத்ததும் அவரேதான்.

மூன்றாம் மாதம் தேவசகாயம் கூப்பிட்டார்.

“பாதிப் பசங்க இன்டர்நெட் பாடத்துக்கு உள்ளயே போகலையே கைலாசம்! பசங்களுக்குப் புடிக்கலைன்னா இன்னிக்கே சொல்லிடுங்கபா, மூடிடறேன். பழையபடி தினம் வகுப்புக்கு வரட்டும்.”

தினம் வருவதாவது! பகலில் தறியை விட்டு எழுந்திருக்க முடியாத பிள்ளைகள்தான் வகுப்பில் பாதி. தினமும் வரச் சொன்னால் படிப்பையே விட்டுவிடுவார்கள். கைலாசத்துக்குப் பயம் வந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று முணுமுணுத்தபடி அன்று சாயங்காலம், பிள்ளைகள் பாடம் படிக்க வேண்டிய பிள்ளையார்பாளையத்து பிரவுசிங் சென்டருக்கு சைக்கிளை மிதித்தார். வழியெல்லாம் திட்டுவதற்கு வசனம் தயாரித்தார். நல்ல வசனங்கள், பாவம், வீணாய்ப் போயின.

உள்ளே அவருடைய மாணவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரெண்டு பேர், ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதி. கீர்த்தி மவுஸைப் பிடித்திருந்தாள். ஏலவார்குழலி தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, ஒருத்தர் பேர்லயே ரெண்டு பேரும் படிக்கிறீங்களா?”

“ஆமா சார்,” என்றாள் கீர்த்தி, இதிலென்ன அதிசயம் என்பதுபோல. “கோர்வைப் புடவைக்கு ரெண்டு பேர்தானே உக்காருவோம்? ஒருத்தர் உடல், ஒருத்தர் கரை. இதுலயும் உடல் நானு, கரை இவ. தனித்தனியா உக்காரணும்னு யாரும் சொல்லலியே சார்.”

அட, முட்டாள் கைலாசம்! அவரும் நெசவுக்கார வீட்டுப் பிள்ளைதான். அப்பாவோடு தறியில் உட்கார்ந்து கரை போட்டு வளர்ந்த ஆள். கம்ப்யூட்டர் என்றதும் எல்லாம் மறந்துபோயிற்று. மனசுக்குள் தன்னையே நாலு திட்டு திட்டிக்கொண்டார். அப்பாடா, கோர்ஸ் பிழைத்தது என்று மூச்சு விட்டவரை ஏலவார்குழலி விடவில்லை.

“சார், கோவிச்சுக்காதீங்க. நாங்க டவுட்டு டவுட்டா எழுதிப் போட்டுக்கினே இருக்கறோம். நீங்க ஒண்ணுக்கும் பதில் போடலியே? சாருக்குத்தான் இது புடிக்கல போலன்னு பேசிக்கினு இருந்தோம். மேனேஜர்கிட்ட சொன்னா உங்களுக்குப் பிரச்சன ஆயிடும்னு சொல்லல.”

கைலாசத்தின் காது சூடானது. அவருடைய பாஸ்வேர்டு முதல் வாரமே மறந்துபோயிருந்தது. இன்டர்நெட்டைக் கொண்டுவந்த மகராசன் போய் யாரிடம் கேட்பது? வெட்கத்தில் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

வெளியே வந்து தேவசகாயத்துக்கு போன் போட்டார்.

“சார், மூடாதீங்க. எல்லாப் பசங்களும் படிக்கிறாங்க. ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து படிக்கிறதால உங்களுக்குப் பாதியா தெரியுது. உள்ள போகாதது ஒரே ஒரு ஆளுதான்.”

“யாருபா அது? பேரச் சொல்லுங்க, லிஸ்ட்லேர்ந்து அடிச்சிடறேன்.”

கைலாசம் குரலைத் தாழ்த்தினார்.

“வாத்தியாரு சார்.”