செல்வமலரின் வெள்ளை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவன் நான். கேட்டவள் என் மனைவி புஷ்பராணி. நான் கையால் எழுதுவதையெல்லாம் கணினியில் அடித்துத் தருபவளும் அவள்தான். ஆகவே உங்களுக்கு முன்பே அவள் இதை வாசித்திருப்பாள். அது தெரிந்தும் ஏன் எழுதுகிறேன் என்று கேட்டால், எனக்கே விளங்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 2006 ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பிரெஞ்சு பேசும் எங்கள் நகரத்து வில்லரேப் பகுதியில் வெயில் கொளுத்தி—

வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: வில்லரேயில் தேங்காய்ப்பால் வாங்கப் போனேன். தெருமுனையில் பறைமேளம் மாதிரி ஒரு சத்தம். ஐம்பது பேர் வரை வந்தார்கள், தலை முதல் கால் வரை வெள்ளை. கையில் பூவும் தண்ணீர்க் குடமும். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? தொப்பியைக் கழற்றினேன். முகத்தைத் தொங்கப் போட்டேன். நாலடி கூடப் போவதுதான் மரியாதை என்று பின்னால் நடந்தேன். பக்கத்தில் வந்தவரிடம் அரைகுறைப் பிரெஞ்சில் யார் செத்தது என்று கேட்டேன். அவர் சிரித்து, என் கையில் ஒரு விளக்குமாற்றைத் தந்தார்.

(பிறகுதான் அறிந்தேன். பிரேசிலில் பாஹியாப் பக்கம் இப்படியொரு விழா உண்டு. வெள்ளை உடுத்து, வாசனைத் தண்ணீர் ஊற்றிக் கோயில் படிகளைக் கழுவுவார்கள். கழுவி முடிய சம்பா என்கிற மேள இசையும் ஆட்டமும். அன்று அந்தத் தெருத் தேவாலயத்தில் மூன்று படி கூட்டியவன் நான்.)

3

நாலாவது படியில் நிமிர்ந்தபோது மேளக்காரர் வரிசையில் செல்வமலரைக் கண்டேன்.

செல்வமலர், புஷ்பராணியின் அண்ணன் நகுலேஸ்வரனின் மனைவி. அவர் இறந்து நாலு வருடம். முப்பத்தோராம் நாள் காரியத்தன்று புஷ்பராணி ஒரு வெள்ளைச் சேலையை நீட்டினாள். "இதை நான் உடுக்கமாட்டன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் பச்சைச் சட்டையோடு வேலைக்குப் போனாள் செல்வமலர். அன்றோடு இருவருக்கும் பேச்சில்லை. அந்தச் சேலை இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது.

அப்படிப்பட்டவள் இப்போது வெள்ளைப் பாவாடையும் வெள்ளைத் தலைக்கட்டுமாக, தோளில் தொங்கிய பெரிய சுர்டோ மேளத்தை அடித்தபடி—

[இந்த வசனத்தை முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.]

என்னைக் கண்டதும் அவள் கண் விரிந்தது. கை நிற்கவில்லை.

"அண்ணை, நிப்பாட்டேலாது. என்ரை மேளம் நிண்டா எல்லாருக்கும் தாளம் குழம்பும். மச்சாளிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

பத்தடி போய்த் திரும்பினாள்.

"சொன்னாலும் காரியமில்லை."

இரண்டில் எதைக் கேட்டு நடப்பது? எழுதுகிறவனுக்கு இப்படியொரு பாத்திரம் வாய்க்கக்கூடாது.

4

வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் ஒன்றையும் தொடாமல் நேரே போய் முழுகினேன். தேங்காய்ப்பால் வாங்க மறந்துபோனேன்.

"ஆரின்ரை செத்தவீடு?" என்றாள் புஷ்பராணி.

"தெரியாத ஆக்கள்."

"ஆராயிருந்தாலும் பாவம்" என்று சாமிப் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு வைத்தாள். பொய்யைவிட அந்த விளக்குத்தான் என்னைப் போட்டு வாட்டுகிறது. வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு அ: புஷ்பராணி தாள்களைக் கிழிக்கிறாள்.

முடிவு ஆ: தொலைபேசியை எடுக்கிறாள். செல்வமலரைத் திட்டுவதற்கா என்று—

இரண்டும் சரிவரவில்லை. கீழே கொஞ்சம் இடம் விடுகிறேன். புஷ்பராணி, உமக்கு.

[எழுத்துப்பிழை எல்லாம் திருத்தியாச்சு. மூண்டாம் பகுதியிலை விட்ட வசனத்தை முடியுங்கோ. மச்சாள் சிரிச்சவவா, அழுதவவா? அது தெரியாமல் மிச்சத்தை அடிக்கமாட்டன். — பு.]

6

அழுதாள் என்று எழுதினால் புஷ்பராணி இன்றைக்கே அவளைச் சோற்றுக்குக் கூப்பிடுவாள். அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

சிரித்தாள். நகுலேஸ்வரன் போனபின் நான் பார்த்திராத சிரிப்பு. தாளில் எழுதி, கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த அறையில் வந்து இருக்கிறேன்.

இந்த வரி உங்கள் கைக்கு வந்திருந்தால், அவள் அதை அடித்துவிட்டாள். அடித்த பிறகு எழும்பி எந்தப் பக்கம் போனாள்? தொலைபேசிப் பக்கமா, அந்த வெள்ளைச் சேலை கிடக்கும் அலமாரிப் பக்கமா? எனக்கு இங்கிருந்து அவள் இருந்த கதிரை இழுபடும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.