செட்டிகுளத்தில் தொலைந்தது யார்

மண்ணெண்ணெய்க் கூப்பன் வாங்க அரியலூர் வந்த நாத்தனார் புருஷன் நல்லதம்பி, மோர் கேட்டு உட்கார்ந்ததுமே சுந்தராம்பாளுக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் அந்தக் கதைதான் என்று. அவள் புருஷன் பஞ்சநாதன் தொண்டையைச் செருமினான்.

“எனக்கு அப்ப ஆறு வயசு மாப்புள. செட்டிகுளத்துல தேரு. கூட்டத்துல அப்பா கைய வுட்டுட்டேன். கையில ஒரு பம்பரம், அவ்வளவுதான். தேம்பித் தேம்பி அழுவுறேன்...”

அவள் செம்பை வைத்த வைப்பில் பாதி மோர் தரையில் சிந்தியது. தொலைந்தது அவள். கலியாணமான மூன்றாம் நாள், வேறு பேச்சு தெரியாமல் இவனிடம் சொல்லித் தொலைத்தாள். அவள் தொலைந்த மறு வருஷமே பேதியில் போய்விட்ட அப்பாவை நினைத்தால் அவளுக்கு வருவது அந்த ஒரு நாள்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கரும்புத் துண்டோடு ஓடிவந்த அந்த முகம். ஒரு வருஷம் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தவன், அடுத்த வருஷம் தானே தொலைந்துபோக ஆரம்பித்துவிட்டான்.

“ஏங்க, அது நானுங்க.”

“நீயும் தொலஞ்சியா?” என்றான், நிஜமான ஆச்சரியத்தோடு.

நல்லதம்பிக்குப் புரையேறியது. “ஏன் தங்கச்சி, சீதனத்தோட இதையும் சேத்துக் குடுத்துட்டியா?”

“பொய் சொல்லுவனா மாப்புள? கண்ணுக்குள்ளயே நிக்குது. அப்பா ஓடியாராரு. மூஞ்சி முழுக்க அம்மைத் தழும்பு, ஒவ்வொரு குழியிலயும் வேர்வ...”

“உங்கப்பா மூஞ்சில ஏதுங்க அம்மைத் தழும்பு? நேத்துதான விக்கிரமங்கலம் போயி அவரப் பாத்துட்டு வந்தீங்க?”

பஞ்சநாதன் தன் கன்னத்தையே தடவிப் பார்த்தான். “ஆமால்ல,” என்றான். நல்லதம்பி சிரித்த சிரிப்பு தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

ஜெயித்துவிட்ட சுந்தராம்பாள் அடுப்படிக்குப் போனாள். விறகை உள்ளே தள்ளிவிட்டு, கண்ணை மூடி, அப்பாவைத் தனக்கென்று ஒரு தரம் வரவழைத்தாள். வந்தார். தழும்பு, வேர்வை, கரும்பு, எல்லாம் சரி. ஆனால் அழுதுகொண்டு நின்ற ஆறு வயதுப் பெண்ணின் கையில் ஒரு பம்பரம் இருந்தது. சாட்டை சுற்றிய பம்பரம். பிறந்ததிலிருந்து அவள் பம்பரத்தைத் தொட்டதே இல்லை. கண்ணைத் திறந்து மறுபடி மூடினாள். அதே பம்பரம். கையை உதறிக்கூடப் பார்த்தாள்.

“ஏங்க!” அங்கிருந்தே கத்தினாள். “வந்து உங்க பம்பரத்த எடுத்துக்கிட்டுப் போங்க!”

“எந்தப் பம்பரம்?” என்றான் பஞ்சநாதன்.