கொப்பளிக்கக் கூடாது

“ஏண்டீ, வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமா?”

அண்ணன் வீட்டுக்கு அவள் வந்த முதல் வாரத்தில் அண்ணி கேட்ட கேள்வி அது. எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொல்கிறார்களே என்பதற்காக ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள், இதற்கா வாயைத் திறக்கப்போகிறாள்? அம்மா போன பிறகு இங்கே வந்து இரண்டு வருடம் ஆகிறது. தையல்கடையிலிருந்து மூட்டையாக வரும் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பாள். லாரி ஓட்டும் அண்ணன் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. வீடு முழுக்க அண்ணியின் குரல்தான்.

அண்ணிக்குச் சோறு போடுவதே அந்த வாய்தான். பேருந்து நிலையத்து விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே நிற்கும் என்று காலை முதல் மாலை வரை கத்துகிற வேலை. ஒலிபெருக்கியில் அறிவிக்கிற இடத்துக்கு நான்கு வருடமாக எழுதிப் போட்டு, இப்போதுதான் குரல் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை. அந்த நேரம் பார்த்துக் கடைவாய்ப் பல் வீங்கியது. “இதோட மல்லுக்கட்டிட்டுப் போய் மைக் முன்னாடி நிக்க முடியாது” என்று திங்கட்கிழமையே பல் டாக்டரிடம் போய்ப் பிடுங்கிக்கொண்டாள்.

மரத்துப்போன கன்னத்தில் ஐஸ் பையை அழுத்தியபடி அண்ணி வெளியே உட்கார்ந்திருந்தபோது, துணைக்குப் போயிருந்த இவளை நர்ஸ் ஓரமாகக் கூப்பிட்டாள். “அச்சடிச்ச தாள் தீந்துபோச்சு. நீதாம்மா சொல்லணும். ஒரு நாள் முழுக்கக் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. பல் இருந்த குழியில ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி உக்காந்திருக்கும். அது பேந்துச்சுன்னா வலி உயிர் போயிடும். ஞாபகம் இருக்குமா?” தலையாட்டினாள். ஞாபகத்துக்கு என்ன குறை? வழியெல்லாம் ஒரு சொல் பிசகாமல் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மரப்பு விடுவதற்கு முன்பே அண்ணி அதிகாரத்தை ஆரம்பித்துவிட்டாள். தலையணை இப்படி, விசிறி அப்படி. கன்னம் ஒத்துழைக்காததால் பாதிச் சொற்கள் காற்றாகத்தான் வந்தன. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இப்போது சொல்லலாம், கஞ்சி குடித்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனதில் சாயங்காலம் ஆகிவிட்டது. கழுவுதொட்டியடியில் சத்தம் கேட்டு ஓடினாள். அண்ணி ஒரு சொம்பு உப்புத் தண்ணீரோடு நின்று, இரண்டு கன்னமும் உப்ப, கடகடவென்று கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு எதிலும் அரைகுறை கிடையாது.

“அண்ணி…”

வாய் நிறையத் தண்ணீரோடு அண்ணி கண்ணை உருட்டினாள். என்ன என்று அர்த்தம்.

“துண்டு” என்று நீட்டினாள் இவள்.

அண்ணி ஓங்கித் துப்பினாள். வெள்ளைத் தொட்டியில் சிவப்பாக ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு போனது.

புதன்கிழமை வலி கிளம்பியது. வியாழன் காலைக்குள் காது வரை ஏறி, அத்தனை பெரிய மனுஷி சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். பொத்தான் ஊசி இவள் விரலில் நான்கு தடவை ஏறியது.

மறுபடி பல் ஆஸ்பத்திரி. விளக்கடி நாற்காலியில் சாய்ந்திருந்த அண்ணியின் வாயைப் பார்த்ததுமே டாக்டரம்மா கேட்டார். “அன்னிக்கே கொப்பளிச்சீங்களா?”

“பின்னே? ஒரே ரத்தக் கவிச்சி.”

“கூடாதுன்னு சொல்லியிருப்பாங்களே.”

“யாரு சொன்னா? உங்க நர்ஸு பஞ்சை வெச்சதோட சரி. நாளைக்கு எனக்குத் தேர்வு, தெரியுமா?”

டாக்டரம்மா நர்ஸைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் மூலையில் நின்ற இந்தப் பெண்ணைப் பார்த்தாள். காட்டிக் கொடுக்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

“எங்கிட்ட சொன்னாங்க. நான்தான் அண்ணிகிட்ட சொல்லல.”

அந்தச் சின்ன அறைக்கு அது பெரிய சத்தம். அவளே திடுக்கிட்டாள். அதற்குள் கண்ணாடியும் இடுக்கியும் வாய்க்குள் போய்விட்டதால் அண்ணியால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கண் மட்டும் அவள் பக்கம் திரும்பி, அங்கேயே நின்றது.

குழியைக் கழுவி, கிராம்பு மணக்கும் மருந்துத் திரியை வைத்தார் டாக்டரம்மா. “வலி குறைஞ்சிடும். நாளைக்குத் தேர்வு வரைக்கும் பேசாதீங்க. இனிமே சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணியில வாயை அலசலாம், மெதுவா.”

பேருந்தில் அண்ணி வேறு இருக்கையில் உட்கார்ந்தாள். வீட்டிலும் பேச்சில்லை. அது டாக்டர் சொன்ன மௌனமா, அண்ணியின் சொந்த மௌனமா என்று தெரியாமல் இவள் தவித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கஞ்சி குடித்துவிட்டு அண்ணி கழுவுதொட்டிக்குப் போனாள். இவள் பின்னாலேயே போனாள்.

“துப்பாதீங்க அண்ணி. தலையைச் சாய்ச்சுக்கோங்க. தண்ணி தானா விழட்டும்.”

குனிந்திருந்த முதுகு ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு தலை மெல்லச் சாய்ந்தது. வாயோரத்திலிருந்து தண்ணீர் நூலாக, சத்தமே இல்லாமல் இறங்கியது.

சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்த அண்ணி கையை நீட்டினாள். மணிக்கட்டில் பொத்தான் இல்லை. அதே நிறத்தில் ஒன்றைத் தேடி எடுத்து, நீட்டிய கையை அப்படியே பிடித்து இவள் தைத்தாள். முடிச்சுப் போட்டுக் குனிந்து, நாடி துடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அண்ணி பொத்தானை ஒரு தடவை நிமிண்டிப் பார்த்தாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு கையால் கன்னத்தை ஏந்தியபடி, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனாள்.