கிர்ஸ்டியின் சுவர்

மான் வேட்டை வாரம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் ஆம்பளை என்று பேர் சொல்லப் பாதிரியார்கூட மிஞ்ச மாட்டார். பள்ளிக்கூடத்துக்கே லீவு. எல்லாரும் காட்டுக் குடிசைக்குக் கிளம்பிவிடுவார்கள். இது நமக்கு மட்டுமா தெரியும், திருடனுக்கும்தான் தெரியும். போன வருஷம் அதே வாரம் பக்கத்து வீட்டு ஐலீன் அடுப்படியில் நிற்கும்போதே உள்ளே புகுந்து, அவளுடைய வலி மாத்திரைகளைப் போதைக்காக அள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் அவள் கதவுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை.

"இந்தத் தடவை நானும் பொண்ணும் வெறுங்கையோட உக்காந்திருக்க முடியாது" என்றேன் என் வீட்டுக்காரன் ரெய்னோவிடம்.

"அதுக்கென்ன சிக்னே, என் வாத்து வேட்டைத் துப்பாக்கி சும்மாதானே கெடக்கு?"

சும்மாதான் கிடந்தது. தோட்டாவைக் காலி செய்து, ஒன்றுக்கு இரண்டு தடவை விரல் விட்டுத் தடவிப் பார்த்து, தோளில் வைத்துக்கொண்டு வீட்டு நடையில் நடந்து பார்த்தேன். அவன் ஆறடி, நான் அவன் மார்பு உயரம். துப்பாக்கிக் கட்டை என் அக்குளைத் தாண்டி நின்றது. திரும்பும்போது நீளக் குழல் சுவரில் இடித்து, எங்கள் கல்யாணப் படம் கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கியது.

"நல்லவேளை, திருடனுக்கு முன்னாடி மாப்பிள்ளை செத்தாரு" என்றாள் என் பொண்ணு கிர்ஸ்டி. பதினஞ்சு வயசு, வாய் மட்டும் ஐம்பது.

துப்பாக்கிக் கடைக்குப் போய் நானே ஒன்று எடுத்தேன். சின்ன வாய் வைத்த இருபது போர் துப்பாக்கி, குட்டைக் குழல், கைக்கு அடங்கின கட்டை. கடைக்காரன் கூட வந்த ரெய்னோவைப் பார்த்து, "பொம்பளைங்களுக்கு இது போதும்" என்றான். "ஆம்பளைங்களுக்கும் போதும், செத்தவன் அளவு கேக்க மாட்டான்" என்றேன். எரிச்சல்தான் வந்தது, பின்னே வராதா?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ரெய்னோ பாடம் நடத்தினான். "நம்ம ரூம் வாசல்ல நில்லு. குறி பாக்கவே வேணாம், ரவை பரவும். முன்கட்டைய இழுத்துத் தோட்டாவ ஏத்தி 'க்ளக் க்ளக்'னு ஒரு சத்தம் குடு, போதும். அந்தச் சத்தத்துக்கே எவனும் தலைதெறிக்க ஓடிருவான்." அவன் அப்பா சொன்னது, அண்ணன் சொன்னது, ஊரே சொல்வது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் அறை வாசலில் நின்றால் நடையின் கோடியில் எதிரே தெரிவது கிர்ஸ்டியின் அறைச் சுவர். நடை அங்கே அடுப்படிக்குத் திரும்புகிறது. பின்கதவு வழியாக வருகிறவன் அந்தச் சுவருக்கு முன்னால்தான் வந்து நிற்பான். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கட்டில்.

எங்கள் உள்சுவரெல்லாம் ஜிப்சம் அட்டைதான்; வீடு கட்டி மிஞ்சினதில் இரண்டை ஷெட்டிலிருந்து எடுத்தேன். சௌனா என்கிற நீராவிக் குளியல் குடிலுக்குப் பின்னால் மண்மேட்டுக்கு முன்னே, சுவர் மாதிரியே இடைவெளி விட்டு நிறுத்தினேன். அதற்குப் பின்னால் முக்காலிமேல் கிர்ஸ்டியின் பழைய தலையணை. நடை நீளத்தை அளந்து தள்ளி நின்று சுட்டேன்.

ரவை பரவவே இல்லை. ஒரு சாசர் அகலத்துக்கு இரண்டு அட்டையையும் துளைத்துப் போயிருந்தது. தலையணைப் பஞ்சு பனிமேல் கிடந்தது. அதைவிடச் சின்னக் குருவி ரவை போட்டுப் பார்த்தேன், அதுவும் துளைத்துக்கொண்டு போனது.

"தலையணைதானே, விடு" என்றான் ரெய்னோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அதுல தலை வெக்கிறவ உன் மக."

அன்றைக்கே என் முறையை நானே வகுத்துக்கொண்டேன். சத்தம் கேட்டால் நேரே கிர்ஸ்டியின் அறைக்குப் போவேன். அவள் கதவு நடையின் இந்தப் பக்கமே இருக்கிறது. கட்டிலுக்குப் பின்னால் அவளைக் கீழே உட்கார வைத்து, போலீசைக் கூப்பிட்டு, அந்த அறை வாசலைப் பார்த்து மண்டியிடுவேன். வாசலுக்கு நேரே நடையில் கணப்படுப்பின் கல் புகைபோக்கி, ரவை அதைத் தாண்டாது. டார்ச் தனியாக இடது கையில். ஆளைப் பார்க்கிறவரை தோட்டா குழலுக்குள் ஏறாது, விரல் விசைக்குப் போகாது.

"திருடன் காப்பி குடிச்சிட்டுப் போற வரைக்கும் ஒளிஞ்சிருப்பியாக்கும்?" என்று ரெய்னோ சிரித்தான். தன் அண்ணன்மாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறான். சிரித்துக்கொண்டே காட்டுக்குப் போனான்.

வேட்டை வாரம் பாதி போயிருக்கும். கிர்ஸ்டிக்குக் காய்ச்சல், படுத்திருந்தாள். பனிப்புயல் அடித்து மத்தியானமே கரண்டு போய்விட்டது. பொழுது சாயும் நேரம், நான் என் அறைக் கட்டிலில் சற்றே கண்ணயர்ந்தேன். பின்கதவு இடித்துத் திறந்த சத்தத்தில் முழித்தேன். அடுப்படியில் பூட்ஸ் கால், கனமான ஆம்பளை நடை.

துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து துப்பாக்கியையும் டார்ச்சையும் எடுத்தேன். நடைக்கு வந்ததும் காலடி திருப்பத்தை நெருங்குவது கேட்டது. அங்கேயே நின்று முன்கட்டையை இழுத்துவிடு, இழுத்துவிடு என்று கை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிர்ஸ்டியின் அறைக்குள் நுழைந்தேன்.

கட்டில் காலி.

குழலைத் தரைக்குத் தாழ்த்தி, வாசலில் டார்ச்சை அடித்தேன். ரெய்னோவின் பழைய பூட்ஸ், ரெய்னோவின் சிவப்புக் கோட்டு, கை நிறைய விறகு. விறகுக்கு மேலே கிர்ஸ்டியின் முகம். இரண்டு காதிலும் இயர்போன், பாட்டு.

"அம்மா! கண்ணுல அடிக்காத!" என்றாள். காதிலிருந்ததைப் பிடுங்கிவிட்டு, "நீ தூங்கிட்டே, அடுப்பு அணைஞ்சிருச்சு. அதான் விறகு எடுக்கப் போனேன்" என்றாள்.

நான் துப்பாக்கியைக் காலி செய்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பாவம், அடுப்பு அணைந்ததற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்து அவள் அவசர அவசரமாக விறகை வைத்தாள்.

ராத்திரி ரெய்னோ மேட்டில் ஏறி சிக்னல் பிடித்துப் போனில் பேசினான். எல்லாம் சொன்னேன்.

"நான் சொன்ன மாதிரி இழுத்திருந்தா அந்தச் சத்தத்துக்கே..." என்று ஆரம்பித்தான்.

"உன் மக காதுல பாட்டு ஓடிட்டு இருந்துது, ரெய்னோ."

அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் அவன் வண்டி வாசலில் நின்றது. வேட்டை வாரத்தின் நடுவில் வீடு திரும்பின ஆம்பளை அவர்கள் வம்சத்திலேயே கிடையாது. கோட்டைக்கூடக் கழற்றாமல் எங்கள் அறை வாசலில் போய் நின்று, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் கிர்ஸ்டி இருமினாள்.

"சிக்னே, அந்த ஓட்டை விழுந்த அட்டை எங்க?"

"ஷெட்ல. எதுக்கு?"

"அண்ணன் வீடுகள்லயும் பிள்ளைங்க இருக்கு. கொண்டுபோய்க் காட்டணும்" என்றான். அதைத் தானே வண்டியில் ஏற்றினான்.