துண்டுக்குள் சொன்ன சம்பளம்

ஏலக்காய் எஸ்டேட் ஆபீசின் படியேறும்போதுதான் பெத்துராஜுக்கு, என்ன கேட்க வந்தோமோ அதை வாய்விட்டுக் கேட்க முடியாது என்று தெரிந்தது. உள்ளே மூன்று மேசைகள். ஓரத்து மேசையில் தலைமைக் குமாஸ்தா வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பில் வாங்க வந்த ஏலக்காய் வியாபாரி அபுபக்கர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். நடு மேசையில், சலவை கலையாத வெள்ளைச் சட்டையோடு குனிந்து எழுதிக்கொண்டிருந்தான் சுந்தரராஜ். பெத்துராஜின் மகள் சாந்தகுமாரிக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை. ஆவணியில் தட்டு மாற்றுவதாகப் பேச்சு.

மாப்பிள்ளைக்கு மாதச் சம்பளம் இருநூறு என்பது போடியில் அவர்கள் தெரு முழுக்கத் தெரியும். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் யாரும் அதைச் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்த அன்று, "இருநூறாவது இருக்கும்ல?" என்று பெத்துராஜின் மனைவி ஞானபாக்கியம் கேட்டாள். சிலமலையிலிருந்து வந்திருந்த பையனின் தாய்மாமன் காப்பித் தம்ளரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மறுநாள் பொழுது விடிவதற்குள் இருநூறு ரூபாயாகிவிட்டது. பெத்துராஜும் அதை நம்பினார். நம்ப வேண்டியிருந்தது. முப்பது வருசமாக ஏலக்காய்த் தரகு செய்கிறவர் அவர். மலையிலிருந்து காய் இறங்கும் மாதங்களில் வீட்டில் நெய் மணக்கும். இறங்காத மாதங்களில் ஞானபாக்கியம் அடுக்குப் பானைகளைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மூடுவாள். அந்த மூடும் சத்தத்தை மகள் கேட்கக் கூடாது, ஒன்றாம் தேதியானால் சம்பளம் வரும் வீட்டில் அவள் இருக்க வேண்டும் என்பது தவிர அவருக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. அதற்காகத்தான் ராசிங்காபுரத்தில் ஏழு குறுக்கம் தோட்டத்தோடு வந்த இடத்தை வேண்டாமென்று சொன்னார்.

நேற்று அபுபக்கர்தான் அதில் கல்லைப் போட்டார். "அண்ணே, இந்தப் போடியில இருநூறு ரூவா வாங்குற குமாஸ்தா ஒருத்தரக் காட்டுங்க. நான் கடைய மூடிட்டு அவருக்குக் குடை பிடிக்கப் போறேன்" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார். ஆனால் பையனையே கேட்டுவிடுவது என்று பெத்துராஜ் அப்போதே முடிவுசெய்தார்.

"வாங்கய்யா" என்று எழுந்து நின்றான் சுந்தரராஜ்.

"சும்மாதான் வந்தேன் தம்பி. ஒரு சோலியா இந்தப் பக்கம்."

குமாஸ்தாவின் வெற்றிலைச் சத்தம் மட்டும் கேட்டது. யோசிக்காமலே பெத்துராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின் மேல் போட்டு, மேசைக்கு மேலே நீட்டினார். ஏலக்காய் மண்டியில் தரகர்கள் விலை கேட்பது இப்படித்தான். துண்டுக்குள் ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடித்தால், எத்தனை விரலோ அத்தனை; கட்டைவிரலை அழுத்தினால் வியாபாரம் முடிந்தது. சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை அந்த இருவருக்கு மட்டும்தான் தெரியும். துண்டுக்குள் யாரும் பொய் சொன்னதில்லை.

சுந்தரராஜ் துண்டைப் பார்த்தான். அவர் முகத்தைப் பார்த்தான். என்ன கேட்கிறார் என்று புரிந்தபோது அவன் காது சிவந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையை உள்ளே நுழைத்தான்.

"நூத்துக் கணக்கு" என்றார் பெத்துராஜ் மெல்ல.

அவன் தலையை அசைத்தான். "பத்துக் கணக்குங்கய்யா."

ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தான். விட்டான். "இனி ஒத்தைக் கணக்கு" என்று முனகிவிட்டு மறுபடியும் ஐந்தையும் பிடித்தான். உள்ளங்கை ஈரமாக இருந்தது. பிடி மட்டும் நடுங்கவில்லை. ஐம்பத்தைந்து. பெத்துராஜ் ஒருகணம் அந்த ஈரத்தை மட்டுமே உணர்ந்தார். பதறாத கை என்று எங்கோ தோன்றியது. அந்த நேரத்தில் முப்பது வருசப் பழக்கத்தில் அவருடைய விரல்கள் தாமாகவே மடங்கி, அவன் கட்டைவிரலை அழுத்திவிட்டன.

அபுபக்கர் சுவரிலிருந்து நிமிர்ந்தார். வியாபாரம் முடிந்தது தெரிய, மண்டிக்காரர்களுக்குத் தோள் இறங்குவதைப் பார்த்தாலே போதும்.

"முடிச்சுட்டீகளாண்ணே? எந்தத் தோட்டத்துக் காய்?"

பெத்துராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கட்டைவிரலை அழுத்திய பிறகு ஒரு வியாபாரத்திலும் அவர் பின்வாங்கியதில்லை. நட்டமென்று தெரிந்தும் மூடைகளை வாங்கி அடுக்கியிருக்கிறார்.

நேராக வீட்டுக்குப் போகாமல் பரமசிவன் கோயில் பக்கம் வரை நடந்துவிட்டுத் திரும்பினார். ஞானபாக்கியம் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கேட்டீகளா?"

"கேட்டேன். அம்பத்தஞ்சு."

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "தெருப் பூராம் சொல்லிட்டேனே" என்றாள்.

"இந்தத் தெருவுல ஆபீசுக்குப் போறவுக நாலு பேரு இருக்காகல்ல. அவுகளுக்கு எவ்வளவுன்னு நெனைக்கிற?"

அவள் யோசித்தாள். "பேங்க்கு வீட்டுக்காரி இருபது தேதி தாண்டுனா காப்பித்தூளுக்கு வந்து நிப்பா. ஸ்டேசன் கிளார்க்கு பொஞ்சாதி கலியாணத்துக்குக் கட்டிட்டுப் போறது எஞ் சீலையத்தான்."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

"காப்பித்தூளு குடுத்தது தெரியும். அத வச்சுச் சம்பளத்த எண்ணிப் பாக்கணும்னு தோணலையே."

"இன்னொண்ணு" என்றார் பெத்துராஜ். "கைப்பழக்கத்துல கட்டைவெரல அமுக்கிட்டேன்."

ஞானபாக்கியத்துக்கு அது புரியக் கொஞ்சம் நேரமானது. "பெத்த பிள்ளைய ஏலக்கா மூடை மாதிரி முடிச்சுட்டு வந்து நிக்கிறீகளே. எங்க போயிச் சொல்ல." கோபமாகத் தொடங்கியவள் பாதியில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "வேணாம்னு சொல்லிருவமா?" என்று அதற்குள்ளிருந்தே கேட்டாள்.

உள்ளேயிருந்து சாந்தகுமாரி குடத்தோடு வந்தாள்.

"எஸ்டேட் ஆபீசுக்கு அவுக காலையில மட்டுந்தாம்ப்பா பஸ்சுல வருவாக, சட்டை அழுக்காகக் கூடாதுன்னு. சாயங்காலம் சிலமலைக்கு நடைதான், காசு மிச்சம்னு. குழாயடியில ரெண்டு வருசமாப் பாக்குறேன்."

"சொல்லியிருக்கலாம்ல ஆத்தா?"

"எங்கிட்ட யாரு கேட்டா?"

சொல்லிவிட்டு அவரைக் கடந்து இறங்கிப் போனாள். பெத்துராஜ் தெருப்பக்கம் திரும்பினார். ஆபீசுகள் விட்டிருந்தன. சிலமலைப் பஸ் இரைந்துகொண்டு போனது. கிளம்பிய புழுதி அடங்க அடங்க, பாதையோரமாக வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். ஒருவர் செருப்பைக் கையில் பிடித்திருந்தார். இன்னும் தூரத்தில் மூன்று பேர். மலையிறங்கிய மேகம் வெயிலை மறைத்திருந்த அந்த வெளிச்சத்தில், எது சுந்தரராஜ் என்று அவரால் சொல்ல முடியவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, தண்ணீரைத் திறக்காமல், சாந்தகுமாரி அந்தச் சட்டைகளில் ஒன்றை மட்டும் பார்த்தபடி நிமிர்ந்து நின்றாள்.